கேட்டது 20 வரி, படித்தது 50 லட்சம்: டேட்டாபேஸ் தேடல் ஏன் தாமதமாகிறது?

புதிதாக எழுதிய வெப் அப்ளிகேஷன் எதுவும் வேகமாகத்தான் இருக்கும். டேபிளில் சில நூறு வரிகள் மட்டும் இருக்கும்போது எப்படித் தேடினாலும் பதில் உடனே வந்துவிடும். டேட்டா சேரச் சேரத்தான் சிக்கல் தலைகாட்டும். கோடில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் முன்பு சட்டென்று திறந்த பக்கம் இப்போது நான்கைந்து செகண்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரிய சர்வருக்கு மாறிவிடலாமா என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தப் பக்கத்தைக் காட்ட டேட்டாபேஸ் எத்தனை வரிகளைப் படிக்கிறது? அவற்றில் நமக்கு உண்மையில் தேவைப்பட்டவை எத்தனை?

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இண்டெக்ஸ் (தேடலுக்கு உதவும் தனி அட்டவணை) போடுவது, குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) மாற்றி எழுதுவது என்று எங்கெங்கோ படிக்கும் குறிப்புகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியைச் சுருக்கும் வழிகள்தான். இது புரிந்துவிட்டால் எந்தக் குறிப்பையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முழு டேபிளையும் படிப்பது

ஆர்டர்களை வைத்திருக்கும் ஒரு டேபிளை எடுத்துக்கொள்வோம். அதில் 50 லட்சம் வரிகள், ஒவ்வொன்றும் சுமார் 200 பைட். ஒரு பயனர் லாகின் செய்து தன் ஆர்டர்களைப் பார்க்கிறார். அவருக்கு மொத்தம் 20 ஆர்டர்கள்தான்.

டேட்டாபேஸ் டிஸ்க்கில் இருந்து ஒவ்வொரு வரியாக எடுப்பதில்லை, பேஜ் பேஜாக எடுக்கும். பேஜ் என்பது ஒரு குறிப்பிட்ட அளவுள்ள துண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் வழக்கமாக 8 கிலோபைட், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சேமிப்புக்குப் பயன்படுத்தும் இன்னோடிபியில் 16 கிலோபைட். ஒரே ஒரு வரி வேண்டும் என்றாலும் அது இருக்கும் பேஜ் முழுவதும் மெமரிக்கு வந்தாக வேண்டும்.

8 கிலோபைட் பேஜில் நம் வரிகள் ஏறக்குறைய 40 அடங்கும். அப்படியானால் 50 லட்சம் வரிகளுக்கு 1,25,000 பேஜ்கள், அதாவது சுமார் 1 ஜிகாபைட். பயனர் எண்ணுக்கு இண்டெக்ஸ் இல்லை என்றால், இந்தப் பயனரின் ஆர்டர்கள் எங்கே இருக்கின்றன என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. 20 வரிகள் கிடைத்தவுடன் நிறுத்தவும் முடியாது, 21ஆவது எங்காவது இருக்கலாமே. ஆகவே முதல் பேஜில் இருந்து கடைசிப் பேஜ் வரை எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, 49,99,980 வரிகளை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மிச்சம் 20 வரிகளைத் தருகிறது. ஒருவர் பக்கத்தைத் திறந்தால் இவ்வளவு வேலை. ஒரே நேரத்தில் நூறு பேர் திறந்தால் நூறு மடங்கு வேலை. பெரிய சர்வர் வாங்கினால் இந்த வீண்வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

இண்டெக்ஸ் செய்வது என்ன

பயனர் எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டால், டேட்டாபேஸ் அந்த எண்களை வரிசைப்படுத்தித் தனியாக ஒரு மர அமைப்பில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அதற்கான முழு வரி எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். இந்த அமைப்புக்குப் பெயர் பி-ட்ரீ. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கி, 1972ல் ஆய்விதழில் வெளியிட்டது. நாம் சாதாரணமாக இண்டெக்ஸ் போடும்போது இன்றும் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் உருவாக்குவது அதன் வழிவந்த அமைப்பைத்தான்.

அரை நூற்றாண்டு தாண்டியும் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் அகலம். இரண்டு இரண்டாகக் கிளை பிரியும் மரமாக இருந்தால், 50 லட்சம் மதிப்புகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க 22 அல்லது 23 படிகள் இறங்க வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு டிஸ்க் வாசிப்பாக மாறலாம். பி-ட்ரீயில் ஒரு கணு என்பது ஒரு முழு பேஜ், அதில் சில நூறு மதிப்புகள் அடங்கும். பேஜுக்கு 300 என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், மூன்றே அடுக்குகளில் 300 பெருக்கல் 300 பெருக்கல் 300, அதாவது 2 கோடியே 70 லட்சம் மதிப்புகளை எட்டிவிடலாம். நம் 50 லட்சத்துக்கு மூன்று பேஜ் படித்தால் சரியான இடத்துக்குப் போய்விடுவோம். அப்புறம் அந்த 20 வரிகளும் 20 வெவ்வேறு பேஜ்களில் சிதறிக் கிடந்தாலும், மொத்தம் 25 பேஜுக்குள் வேலை முடிந்துவிடும்.

1,25,000 பேஜ்களுக்குப் பதிலாக 25. ஒரே ஒரு கட்டளையில் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருவது வெப் அப்ளிகேஷனில் அநேகமாக வேறு எதுவும் இல்லை.

ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீக்கும், ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்ட நெடுவரிசைகளுக்கும் இண்டெக்ஸ் தானாகவே உருவாகிவிடும். இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபாரின் கீ விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்னோடிபி அதற்கும் தானாக இண்டெக்ஸ் போட்டுவிடும், போஸ்ட்கிரெஸ் போடாது. மைஎஸ்க்யூஎல்லில் இருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறியவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இது.

எந்த வரிசையில் போடுவது

இனி நிஜப் பக்கத்துக்கு வருவோம். எந்தப் பக்கமும் ஒரு பயனரின் எல்லா ஆர்டர்களையும் ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. கடைசியாக வந்த பத்தை, புதியது மேலே இருக்கும்படி காட்டும். அதாவது பயனர் எண்ணால் வடிகட்டி, தேதியால் வரிசைப்படுத்தி, முதல் பத்தை எடுக்க வேண்டும்.

பயனர் எண்ணுக்கு மட்டும் இண்டெக்ஸ் இருந்தால், 30,000 ஆர்டர் வைத்திருக்கும் ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்தவுடன் மறுபடியும் சிக்கல். 30,000 வரிகளையும் எடுத்து, வரிசைப்படுத்தி, பத்தை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வீசிவிடும். இங்கே தேவைப்படுவது பயனர் எண், தேதி என இரண்டு நெடுவரிசைகளும் சேர்ந்த ஒரே இண்டெக்ஸ்.

அகராதியை நினைத்துப் பாருங்கள். அதில் சொற்கள் முதல் எழுத்தின்படி அடுக்கப்பட்டிருக்கும், முதல் எழுத்து ஒன்றாக இருந்தால் இரண்டாம் எழுத்தின்படி. கூட்டு இண்டெக்ஸும் அப்படித்தான். முதலில் பயனர் எண்படி அடுக்கி, ஒரே பயனருக்குள் தேதிப்படி அடுக்கியிருக்கும். ஆகவே ஒரு பயனரின் பகுதிக்குப் போய்விட்டால் அவருடைய ஆர்டர்கள் ஏற்கெனவே தேதி வரிசையில் நிற்கும். கடைசியில் இருந்து பத்தை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். தனியாக வரிசைப்படுத்தும் வேலையே இல்லை. அவருக்கு 20 ஆர்டர் இருந்தாலும் 30,000 இருந்தாலும் படிப்பது பத்துதான்.

அதே அகராதியில் இரண்டாம் எழுத்து 'ம' என்று வரும் எல்லாச் சொற்களையும் தேடச் சொன்னால், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். அதுபோல, பயனர் எண் முதலில் இருக்கும் இந்த இண்டெக்ஸ், தேதியை மட்டும் வைத்துத் தேடும் குவெரிக்கு உதவாது. சில டேட்டாபேஸ்களின் புதிய பதிப்புகளில் முதல் நெடுவரிசையைத் தாவித் தாவிப் படிக்கும் வசதி வந்திருக்கிறது. ஆனால் முதல் நெடுவரிசையில் மிகச் சில மதிப்புகளே இருந்தால்தான் அதனால் பயன். அதை நம்பி இண்டெக்ஸை வடிவமைக்க வேண்டாம்.

"அதிக வித்தியாசமான மதிப்புகள் உள்ள நெடுவரிசையை முதலில் வை" என்று ஓர் அறிவுரை பல இடங்களில் சுற்றிவருகிறது. என் பார்வையில் அது தொடக்கநிலையில் இருப்பவர்களைக் குழப்பத்தான் செய்கிறது. இன்னும் பயனுள்ள விதி இது: சமம் என்று கேட்கும் நெடுவரிசைகள் முன்னால் வரட்டும். வரம்பு கேட்கும் நெடுவரிசையோ, வரிசைப்படுத்தும் நெடுவரிசையோ பின்னால் வரட்டும். நம் உதாரணத்தில் பயனர் எண் முன்னால், தேதி பின்னால். மாற்றிப் போட்டால் தேதி வாரியாக எல்லாப் பயனர்களின் ஆர்டர்களும் கலந்து நிற்கும். நம் பயனர் கடைசியாக ஆர்டர் செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால், அந்த ஒரு வருடத்து ஆர்டர்கள் முழுவதையும் தாண்டித்தான் அவரிடம் போக முடியும்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போவது

இண்டெக்ஸில் இருப்பது நெடுவரிசையின் மதிப்பு, இருக்கிறபடியே. குவெரியில் அந்த நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால், கிடைக்கும் புது மதிப்புகள் எந்த வரிசையில் இருக்கும் என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. உதாரணமாக, ஆர்டர் நேரத்தில் இருந்து தேதியை மட்டும் பிரித்தெடுத்து அது மார்ச் 5ஆம் தேதிக்குச் சமமா என்று கேட்டால், நேரத்தின் மேல் போட்ட இண்டெக்ஸ் கைகொடுக்காது. அதையே "மார்ச் 5 தொடங்கும் நேரம் முதல், மார்ச் 6 தொடங்கும் நேரத்துக்கு முன்பு வரை" என்று வரம்பாக எழுதினால் இண்டெக்ஸ் வேலை செய்யும். விடை ஒன்றுதான், ஆனால் படிக்கும் வரிகளின் எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இமெயிலைச் சிறிய எழுத்தாக மாற்றி ஒப்பிடுவதும் இதே வகை. போஸ்ட்கிரெஸில் அந்த மாற்றிய மதிப்புக்கே ஓர் இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளலாம். மைஎஸ்க்யூஎல்லில் வழக்கமான அமைப்பே பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது என்பதால், பெரும்பாலும் அந்த மாற்றமே தேவைப்படாது.

இதைவிடக் கண்ணில் படாத ஒன்று, வகை மாறிப்போவது. மைஎஸ்க்யூஎல்லில் போன் எண்ணை எழுத்து வகை நெடுவரிசையில் வைத்துவிட்டு, குவெரியில் மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாகக் கொடுத்தால், ஒவ்வொரு வரியின் மதிப்பையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும். இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. பிழைச் செய்தி வராது, விடையும் வழக்கம்போல வந்துவிடும், மெதுவாக மட்டும்.

சொல்லின் நடுவில் தேடுவதும் அப்படித்தான். "இந்த எழுத்துகளில் தொடங்குகிற பெயர்" என்றால் பி-ட்ரீ உதவும். "இந்த எழுத்துகள் எங்காவது வருகிற பெயர்" என்றால் உதவாது. அதற்கு மூன்று மூன்று எழுத்துகளாகப் பிரித்து வைக்கும் ட்ரைகிராம் இண்டெக்ஸ், முழுஉரைத் தேடல் என்று தனி வகைகள் இருக்கின்றன.

சில சமயம் டேட்டாபேஸே இண்டெக்ஸை வேண்டாம் என்று ஒதுக்கும், அது சரியாகவும் இருக்கும். 50 லட்சம் ஆர்டர்களில் 45 லட்சம் டெலிவரி ஆனவை என்றால், டெலிவரி ஆனவற்றை இண்டெக்ஸ் வழியாக ஒவ்வொன்றாகத் தேடிப் போவதைவிட முழு டேபிளையும் நேராகப் படிப்பதே மலிவு. எந்த வழி மலிவு என்று முன்கூட்டியே கணக்கிட்டு முடிவு செய்யும் பகுதிக்கு பிளானர் என்று பெயர். ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்தில் பெட்ரிஷியா செலிங்கர் குழுவினர் 1979ல் வெளியிட்ட முறையே இன்றைய பிளானர்கள் பலவற்றுக்கும் அடித்தளம். டேபிளில் எந்த மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான் அது முடிவெடுக்கும். திடீரென்று லட்சக்கணக்கான வரிகளை ஏற்றிய பிறகு குவெரி தடம் மாறி மெதுவானால், அந்தப் புள்ளிவிவரம் பழையதாகிவிட்டதா என்று பாருங்கள். அனலைஸ் கட்டளை அதைப் புதுப்பித்துவிடும்.

ஊகிக்காமல் பார்ப்பது

குவெரியின் முன்னால் எக்ஸ்ப்ளெயின் என்ற கட்டளையைச் சேர்த்தால், டேட்டாபேஸ் அதை எப்படிச் செய்யப்போகிறது என்று சொல்லும். எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் என்று கொடுத்தால், உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, ஆன நேரத்தையும் வந்த வரிகளையும் காட்டும். உண்மையிலேயே ஓட்டும் என்பதால், டெலீட், அப்டேட் போன்றவற்றை இதில் போடும்போது ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, முடிந்ததும் ரோல்பேக் செய்து மாற்றங்களை ரத்து செய்துவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் தரும் பதிலில் 'சீக் ஸ்கேன்' என்று இருந்தால் முழு டேபிளையும் படித்திருக்கிறது. அதற்குக் கீழே 'ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்' என்று ஒரு வரி வரும். படித்துப் பார்த்து வேண்டாம் என்று தள்ளிய வரிகளின் எண்ணிக்கை அது. நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான விடையை டேட்டாபேஸே எழுதிக் கொடுக்கிறது. வந்தது 20, தள்ளியது பல லட்சம் என்று இருந்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் 'டைப்' என்ற நெடுவரிசையில் 'ஆல்' என்று வந்தால் அதுவும் முழு டேபிள் வாசிப்புதான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் 50 வரி டேபிளில் சோதிக்காதீர்கள். மொத்த டேபிளும் இரண்டு பேஜுக்குள் இருக்கும்போது, இண்டெக்ஸ் போட்டிருந்தாலும் பிளானர் அதைத் தொடாது, தொடத் தேவையும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று பலர் அலைகிறார்கள். உண்மையான அளவுக்குப் பக்கத்தில் வரும்படி டேட்டாவை நிரப்பிவிட்டுச் சோதியுங்கள்.

குவெரி வேகம், பக்கம் மட்டும் மெதுவு

எக்ஸ்ப்ளெயினில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு குவெரியும் 1 மில்லிசெகண்டில் முடிகிறது, ஆனாலும் பக்கம் மெதுவாக இருக்கிறதா? அப்படியென்றால் அந்தப் பக்கத்துக்கு எத்தனை குவெரி ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

50 ஆர்டர்களைப் பட்டியலிடும் பக்கம். அதற்கு ஒரு குவெரி. அப்புறம் லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளரின் பெயர் கேட்கும்போது, ஓஆர்எம் (நம் கோடைக் குவெரியாக மாற்றித் தரும் லைப்ரரி) சத்தமில்லாமல் ஆளுக்கு ஒரு குவெரி அனுப்பும். மொத்தம் 51. டெவலப்பர்கள் இதை என் பிளஸ் ஒன் என்பார்கள். டேட்டாபேஸ் வேறொரு மெஷினில் இருந்தால், ஒவ்வொரு குவெரிக்கும் நெட்வொர்க்கில் ஒருமுறை போய்வர வேண்டும். பட்டியலில் 500 வரி வந்தால் 501 முறை. இது ஆபத்தானது, ஏனென்றால் எந்தத் தனிக் குவெரியும் மெதுவானது இல்லை. மெதுவான குவெரிகளைப் பதிவுசெய்யும் லாகில் இது சிக்கவே சிக்காது.

தீர்வு எளிது. இரண்டு டேபிள்களையும் இணைக்கும் ஜாயின் மூலம் பெயர்களையும் சேர்த்து ஒரே குவெரியில் கேட்கலாம், அல்லது 50 எண்களையும் ஒரே பட்டியலாகக் கொடுத்து இரண்டாவது குவெரியில் எல்லாப் பெயர்களையும் வாங்கலாம். ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்', 'பிரீஃபெட்ச் ரிலேட்டட்', ரெயில்ஸில் 'இன்க்ளூட்ஸ்', லாரவெலில் 'வித்' என்று ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கிலும் இதற்கு வசதி இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரி ஓடியது என்று காட்டும் டிபக் டூல்பாரை முதல் நாளிலிருந்தே நிறுவிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பழக்கத்தைப் பரிந்துரைக்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

பக்க எண் கொடுத்துப் பின்னால் போவதும் கவனிக்க வேண்டியது. பக்கத்துக்கு 20 என்று வைத்து 5,001ஆவது பக்கத்தைக் கேட்டால், ஆஃப்செட் முறையில் டேட்டாபேஸ் 1,00,020 வரிகளைக் கடந்து, முதல் ஒரு லட்சத்தை வீசிவிட்டு 20ஐத் தரும். அதற்குப் பதிலாக, கடைசியாகக் காட்டிய ஆர்டரின் தேதியையும் எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு "இதற்கு முந்தைய 20" என்று கேட்டால், இண்டெக்ஸ் நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு ஆர்டர்கள் வந்திருக்கலாம் என்பதால்தான் எண்ணும் வேண்டும். ஏதோ ஒரு பக்க எண்ணுக்கு நேராகத் தாவும் வசதி இதில் போய்விடும். பெரும்பாலான பட்டியல்களில் அதை யாரும் தேடப்போவதில்லை.

கேஷ் எப்போது

அடிக்கடி கேட்கப்படும் விடையை ரெடிஸ், மெம்கேஷ்டு போன்றவற்றில் மெமரியில் வைத்துக்கொள்வது, அதாவது கேஷ் செய்வது, நல்ல உத்திதான். மெம்கேஷ்டு 2003ல் லைவ்ஜர்னல் தளத்தின் சுமையைக் குறைக்கத்தான் எழுதப்பட்டது. ஆனால் கேஷ் வந்தவுடன் ஒரே தகவல் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று மாறும்போது மற்றதை எப்போது அழிப்பது என்ற கேள்வி அன்று முதல் கூடவே வரும். அதுவும் இல்லாமல், கேஷின் காலம் முடிந்து மறுபடி விடை தேட வேண்டிய நொடியில் அந்தப் பழைய மெதுவான குவெரிதான் ஓடும். அந்த நேரத்தில் நிறையப் பேர் வந்திருந்தால், எல்லோருக்காகவும் ஒரே நேரத்தில் ஓடும். அதனால் குவெரியைச் சரிசெய்த பிறகு கேஷைப் பற்றி யோசியுங்கள். பாதிப் பேருக்கு அதற்கப்புறம் அது தேவையே படாது.

இண்டெக்ஸுக்கும் செலவு உண்டு

இவ்வளவு பயன் என்றால் எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஒரு வரியை டேபிளில் சேர்க்கும்போது, அதில் உள்ள ஒவ்வொரு இண்டெக்ஸிலும் ஒரு பதிவைச் சேர்க்க வேண்டும். பத்து இண்டெக்ஸ் இருந்தால் பத்து மரங்களில் எழுத வேண்டும். மெமரியிலும் அவை இடம் பிடிக்கும், உண்மையில் தேவையான பேஜ்களை வெளியே தள்ளும். பயனர் எண், தேதி என்ற கூட்டு இண்டெக்ஸ் இருக்கும்போது பயனர் எண்ணுக்குத் தனியாக ஒன்று பெரும்பாலும் தேவையில்லை, முதல் நெடுவரிசைக்குக் கூட்டு இண்டெக்ஸே போதும்.

எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால், போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சியை இயக்கி, மொத்த நேரத்தின்படி குவெரிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டாம். நாளுக்கு ஒருமுறை ஓடும் 3 செகண்ட் ரிப்போர்ட்டைவிட, ஒவ்வொரு பக்கத்திலும் ஓடும் 30 மில்லிசெகண்ட் குவெரி பயனர்களை அதிகம் காக்க வைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஸ்லோ குவெரி லாகை இயக்கலாம். அதன் இயல்பான வரம்பு 10 செகண்ட், ஒரு வெப் பக்கத்துக்கு அது மிக அதிகம். அதை நன்றாகக் குறைத்து வையுங்கள்.

கண்டுபிடித்து, லைவில் இண்டெக்ஸ் போடும் நேரம் வந்ததும் இன்னொரு விஷயம். போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் உருவாக்கினால், அது முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது. 50 லட்சம் வரிகளில் அந்த நேரம் முழுவதும் புது ஆர்டர் எதுவும் பதிவாகாமல் காத்துக் கிடக்கும். கன்கரன்ட்லி என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் எழுதுவதைத் தடுக்காமல் உருவாக்கும், அதிக நேரம் எடுக்கும், ட்ரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது. நடுவில் தோற்றுப்போனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சி நிற்கும். அதை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். வெற்றிகரமாக முடிந்தால், அதே எக்ஸ்ப்ளெயின் அனலைஸை மீண்டும் ஓட்டி, தள்ளிய வரிகளின் எண்ணிக்கை இறங்கியதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்த இண்டெக்ஸை எடுத்துவிடுங்கள்.